கார்மேகத்துக்குத் தமிழ் தெரியாது

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடி நூரியா கதவைத் தட்டினாள். கையில் ஒரு பை, பின்னால் அவள் நாய். காற்றாலைக் கம்பெனியில் பொறியாளராக இருக்கும் ஸ்பெயின்காரி. லிஃப்ட்டில் பார்த்தால் "சாப்டாச்சா அக்கா?" என்பாள். அவ்வளவுதான் பழக்கம். அவள் அம்மா ஊரில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாராம். அவருக்கு இவளை விட்டால் ஆளில்லை. இன்றிரவே விமானம். நாயைக் கூடவே கொண்டுபோகவோ ரத்தப் பரிசோதனை, சான்றிதழ் என்று மாதக்கணக்கில் ஆகுமாம். நாய் விடுதியில் விட மனம் வரவில்லை. "மூணு மாசம், அக்கா" என்று பையை என்னிடம் நீட்டினாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. யாழினி புனேவுக்குப் படிக்கப் போனதிலிருந்து அவள் அறை சும்மாதான் கிடக்கிறது. அதனால் இருக்கலாம். ஆபீசுக்கு லீவு சொன்னேன்.

நாயின் பெயர் கர்பான்சோ. கொண்டைக்கடலை என்று அர்த்தமாம். நிறமும் அதேதான். வாட்ச்மேன் ராக்கியண்ணன் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கார்மேகம் என்றே வைத்துவிட்டார்.

பம்ப் கம்பெனியில் காலை ஷிஃப்ட்டை முடித்துவிட்டு மத்தியானம் வந்த என் வீட்டுக்காரர், ஹாலில் நாய் படுத்திருப்பதைப் பார்த்தார். அதைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் யாழினி கூப்பிட்டபோது, "ஊட்டுக்குள்ள நாய் எப்புடி வந்துச்சுன்னு உங்கம்மாகிட்டக் கேளு கண்ணு" என்றார். நான் ஃபோனை வாங்கி, "மூணு மாசத்துக்குத்தான்னு உங்கப்பாகிட்டச் சொல்லு" என்றேன்.

ஏப்ரல் 4

குக்கர் விசில் அடித்தால் குரைக்கிறது. காலிங் பெல்லுக்குக் குரைக்கிறது. எதிர் பிளாட்டில் சங்கச் செயலாளர் பாலகோபால் தும்மினால் அதற்கும். "குரைக்காதே" என்றேன். "ஷட் அப்" என்றார் இவர். அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி குரைத்தது. தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

ஏப்ரல் 5

ஃபோனில் தேடினேன். 'குரை' என்பதற்கு ஸ்பானிஷில் 'லாத்ரா' என்று வந்தது. 'நோ' எந்த ஊரிலும் நோதானே? குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, பொறுமையாக, "நோ லாத்ரா" என்றேன்.

காதை நிமிர்த்தியது. வாலை ஆட்டியது. வந்த நாளிலிருந்து குரைக்காத அளவுக்குக் குரைத்தது. நிறுத்தியதும், நான் ஏதோ பிஸ்கட் தரப்போகிறேன் என்பதுபோல என் கையைப் பார்த்தது.

ஏப்ரல் 7, வெள்ளி

அரசு விடுமுறை. நூரியா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னதும் அங்கே யாரோ அவளை அதட்டும் அளவுக்குச் சிரித்தாள்.

பாதி ஆங்கிலம், பாதி தமிழில் அவள் விளக்கியது இது. லாத்ரா என்பது 'குரை' என்ற கட்டளை. முன்னால் நோ போட்டாலும் அதன் காதுக்கு லாத்ராதான் கேட்கும். "நீங்க குரைன்னு சொன்னீங்க, அக்கா. அது குரைச்சுது. நல்ல பையன்." வேண்டாம் என்று சொல்ல வார்த்தையின் வாலை மாற்ற வேண்டுமாம். லாத்ரா, நோ லாத்ரெஸ். தாவச் சொல்வது சால்தா, தாவாதே என்பது நோ சால்தெஸ். ஆனால் தின்னச் சொல்வது கோமே. தின்னாதே என்பது நோ கோமாஸ். ஏறு, சூபே, ஏறாதே, நோ சூபாஸ். 'ஆ' இருந்த இடத்துக்கு 'எ' வருகிறது, 'ஏ' இருந்த இடத்துக்கு 'ஆ' போகிறது. இரண்டும் வீடு மாறிக்கொள்கின்றன. ஒழுங்கான வினைச்சொற்கள் எல்லாம் இப்படித்தானாம். ஒழுங்கில்லாதவை பற்றி இப்போது கேட்க வேண்டாம் என்றாள்.

"தமிழ்லயும் அப்படித்தானே அக்கா? 'இல்லை குரை'ன்னு சொன்னா உங்களுக்குப் புரியுமா?"

புரியாதுதான். நாமும் வாலைத்தான் மாற்றுகிறோம். குரை, குரைக்காதே. ஏறு, ஏறாதே. ஐம்பத்தொரு வருடமாகப் பேசுகிறேன், கவனித்ததே இல்லை.

ஏப்ரல் 8

இரவுச் சாப்பாட்டின்போது கார்மேகம் மேஜை ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றது. இவர் தட்டில் கடைசிச் சப்பாத்தி. நேற்று நான் ஃபோனில் பேசியதை இவர் காதில் வாங்கியிருக்க வேண்டும். விரலை நீட்டி, "நோ கோமே!" என்று ஒரு அதட்டல் போட்டார். அது மறு நிமிடமே சப்பாத்தியைக் கவ்வி விழுங்கிவிட்டது.

"நோன்னு சொன்னனே!"

"தின்னுன்னு உத்தரவு போட்டுட்டு அதைக் குத்தஞ்சொன்னா எப்புடிங்க? நோ கோமாஸுங்க."

"கோமாஸா? ஒரு சப்பாத்தி தின்னா கோமாவுக்குப் போயிருமா?"

சிரித்துவிட்டேன். இவர் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது. பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

ஏப்ரல் 11

"நோ சூபாஸ்" என்றால் சோபாவிலிருந்து இறங்குகிறது. நான் சமையலறைக்குப் போனதும் ஏறிக்கொள்கிறது.

ஏப்ரல் 13

பாடம் மனதில் நிற்பதற்காக, வீட்டில் காதில் விழும் 'ஆதே'க்களையெல்லாம் மனதுக்குள் ஸ்பானிஷாக்கிப் பார்த்தேன். லைட்டைப் போட்டுட்டே போகாத. ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதீங்க. ஃபேனைக் கூட்டாத. டிவியைச் சத்தமா வைக்காதீங்க. எனக்காகக் காத்திருக்காத. இன்று காலையிலிருந்து நானும் இவரும் பேசிக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான். வேறு மாதிரி வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

பயிற்சிக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

ஏப்ரல் 16, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், அப்புறம் நாய். பாலகோபால் எழுந்து, தன்னால் ஒரு மாதமாக மத்தியானம் தூங்க முடியவில்லை என்றார். நாய் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்று நான் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் குரைப்பு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் வெளியே போக வேண்டும் என்று முடிவாயிற்று. ஒன்றாம் மாடி வீட்டு மருமகள் மட்டும் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

ஏதோ சொல்ல எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து இவர் எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். "மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்குதல்லங்க? நாங்க பாத்துக்கறமுங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நாங்க என்றார்.

ஏப்ரல் 20

மணி நான்கிருக்கும்போதே ஆபீசிலிருந்து வந்துவிட்டேன், தலைவலி. வீட்டில் யாரும் இல்லை. மொட்டை மாடியிலிருந்து ஒரு சத்தம். படியேறிப் போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் பழைய சைக்கிள் பெல்லும் மறு கையில் பொட்டுக்கடலையுமாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே கார்மேகம். பெல்லை ஒருமுறை அடித்தார். உடனே, "நோ லாத்ரெஸ்." அது குரைத்தது. "இல்லடா தங்கம். நோ லாத்ரெஸ். எஸ். எஸ்ஸைக் கேளு." மறுபடி பெல். இந்த முறை அதன் தொண்டைக்குள் ஒரு உறுமல் மட்டும் வந்து அடங்கியது. இவர் அதன் தலையை இரு கைகளாலும் பிடித்து, நெற்றியோடு நெற்றி முட்டினார். யாழினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படிச் செய்வார்.

சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை. தலைவலி எப்போது போயிற்று என்று தெரியவில்லை. ராத்திரிக்கு அரிசிம்பருப்பு சாதம் செய்தேன், இவருக்குப் பிடித்தது. பருப்பு நிறைய இருந்தது, அதனால்தான்.

ஏப்ரல் 25

யாழினி வீடியோவில் வந்தாள். கார்மேகம் இப்போது பெல்லுக்குக் குரைப்பதில்லை என்று நான் சொல்ல, குக்கர் இன்னும் பாக்கி என்று இவர் சொல்ல, அது குக்கரின் தப்பு, வாஷர் தேய்ந்துவிட்டது என்று நான் சொல்ல, நாளைக்கே மாற்றிவிடலாம் என்று இவர் சொல்ல, அவள் திரையில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

"எப்பம்மா நீங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சீங்க? போபாலுக்கப்புறம் எல்லாத்துக்கும் நான்தான நடுவுல போஸ்ட்மேன்?"

"நெட்வொர்க் சரியில்லை கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

போபாலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு வந்தது, இரண்டு வருடம் போபாலில் இருக்க வேண்டும் என்றார்கள். யாழினி அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். பெட்டிகூட வாங்கி வைத்தேன். "போகாத" என்றார் இவர். அந்த ஒரு வார்த்தைதான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. எழுதியாயிற்று, போதும்.

ஏப்ரல் 30, ஞாயிறு

இன்று தேர்வு.

பாலகோபால் இரண்டு கமிட்டி உறுப்பினர்களோடு வந்தார். வெளியே நின்று பெல்லை அவரே அழுத்தினார், ஒருமுறைக்கு மூன்றுமுறை. நான் ஹாலில் கார்மேகத்தின் கழுத்துப்பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். "நோ லாத்ரெஸ்" என்றார் இவர், மெதுவாக. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது, வாயைத் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. சமையலறையில் குக்கர் விசில். சத்தம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து பாலகோபால் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். கார்மேகம் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அப்போதும் குரைக்கவில்லை.

"அட! என்ன மந்திரம் சார் அது?" என்றார் பாலகோபால்.

"ஸ்பானிஷுங்க."

"நானும் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று குனிந்து, மூக்குக்கு நேரே விரலை ஆட்டி, ரொம்பக் கண்டிப்பாக, "நோ லாத்ரா!" என்றார்.

அவர் வாசல்வரை பின்வாங்கிப் போகும் அளவுக்கு அது அவர் சொல்படி நடந்துகொண்டது. கமிட்டி உறுப்பினர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் ஓடிப்போய் பாலகோபாலைப் பிடித்து உட்காரவைத்து, "மன்னிச்சுக்குங்க, உத்தரவு உங்களுதுங்க" என்று சொல்லி, 'ஆ', 'எஸ்' வித்தியாசத்தைக் காப்பி ஆறும்வரை விளக்கினார். போகும்போது பாலகோபால் சரியாகச் சொன்னார், அதுவும் கேட்டது. மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. நாய் இருக்கலாம்.

எல்லோரும் போனபின் இவர் என்னிடம் கை நீட்டினார். ஆபீசில் குலுக்குவதுபோல இருவரும் குலுக்கிக்கொண்டோம்.

மே 14, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் மூன்று பேரும் மருதமலை ரோட்டில் நடக்கப் போனோம். (மூன்று பேர் என்றே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.) கயிறு என் கையில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பூனை. கார்மேகம் ஒரே இழுப்பு, கயிற்றின் கொக்கி கழன்று கையில் வெறும் கயிறு. அது ரோட்டை நோக்கி ஓடுகிறது. மேலேயிருந்து டவுன் பஸ் இறங்கி வருகிறது.

எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் போய்விட்டது. தமிழ்கூட வரவில்லை.

"நோ கோர்ராஸ்!"

ஓடாதே. இவர்தான். பம்ப் கம்பெனியில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். கார்மேகம் ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் நான்கு காலையும் ஊன்றி நின்றது. பஸ் அதன் மூக்குக்கு முன்னால் போயிற்று. காற்றில் அதன் காதுமயிர் பறந்தது. பஸ் போனதும் திரும்பி எங்களைப் பார்த்தது, சரியாகச் செய்தேனா என்பதுபோல.

நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். இவர் வாய்க்கால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கனகு, சரியாத்தான் சொன்னனா?"

"சரியாத்தான் சொன்னீங்க."

"கோர்ரேன்னு வாயில வந்திருந்தா?"

"வரலீங்களே."

கார்மேகத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னைக்கு உன்னையும் இப்புடித்தான் ஒத்தச் சொல்லுல நிறுத்திப்போட்டேன். பாப்பாவும் போயிருவா, நீயும் போயிருவ, ஊட்டுல நான் மட்டும்னு பயந்து. ஆனா அங்க பஸ் எதும் வரலியே கனகு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏன் அன்றைக்கே இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்று இவரும் கேட்கவில்லை. மருதமலையில் விளக்குப் போடும்வரை அங்கேயே இருந்தோம். நிறையப் பேசினோம். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

மே 15

புதுக் கயிறு, நல்ல கொக்கியோடு. கொக்கியை இவர் கம்பெனி லேத்தில் தானே கடைந்து எடுத்து வந்தார். இனி மாட்டைக் கட்டினாலும் அறாது.

ஜூலை 9, ஞாயிறு

நூரியா கூப்பிட்டாள். அம்மா பிலார் நடைவண்டியைப் பிடித்து நடக்கிறார், ஆனால் தனியாக விட முடியாது. அவள் கம்பெனி அங்கேயே வேலை மாற்றிக் கொடுத்துவிட்டது. திரும்பி வரமாட்டாள். விமானத்தில் நாய்களைக் கூட்டிப்போக ஆட்கள் இருக்கிறார்களாம், ஏற்பாடு செய்கிறாளாம். "ரொம்ப நன்றி அக்கா" என்று அழுதாள்.

நானும் நல்ல செய்தி, ரொம்ப நல்ல செய்தி என்று சொன்னேன். மூன்று மாதம் என்றுதானே பேச்சு. வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் கண் எரிந்தது.

இவர் கத்தியை என் கையிலிருந்து வாங்கிவைத்தார். "ஆளெதுக்கு? அது யாரோடயோ போய் இறங்கறதா? நீ கூட்டிட்டுப் போய் உட்டுட்டு வா."

"ஸ்பெயினுக்கா? நானா?"

"லீவு கெடக்குதல்ல, உனக்கு? போ. போய் ஊரைச் சுத்திப் பாரு. நான் இங்க இருந்துக்குவேன், ஒண்ணும் ஆயிராது." நிறுத்திவிட்டு, "வரச் சொன்னா வரேன்" என்றார். "நீயே சொல்லு. போன்னாலும் சரி, வான்னாலும் சரி."

"வாங்க" என்றேன்.

கார்மேகத்துக்கு நாளைக்கே ரத்தம் எடுக்க மருத்துவரிடம் நேரம் கேட்டோம்.

அக்டோபர் 21

விசா வந்துவிட்டது. சான்றிதழ்கள் வந்துவிட்டன. விமானத்துக்கான மரப்பெட்டியில் படுத்துப் பழகக் கார்மேகம் மாட்டேன் என்கிறது. இவர் உள்ளே பாதி உடம்பை நுழைத்துப் படுத்துக் காட்டினார். ஃபோட்டோ யாழினிக்குப் போயிற்று.

அக்டோபர் 29

நூரியாவிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். நாங்கள் இதுவரை படித்ததெல்லாம் நாயிடம் பேசும் பேச்சு. பெரியவர் வீட்டுக்குப் போகிறோம், அவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கோயமுத்தூர்க்காரர்கள் பச்சைக் குழந்தையையே வாங்க போங்க என்று கூப்பிடுகிறவர்கள்.

ரொம்பச் சுலபம் என்றாள். கடைசியில் இருக்கும் 'ஸ்'ஸை எடுத்துவிட்டால் மரியாதை. நோ ஆப்லெஸ், பேசாதே. நோ ஆப்லே, பேசாதீர்கள். நாம் 'ங்க' சேர்த்து மரியாதை கொடுக்கிறோம், அவர்கள் ஒரு எழுத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இவர் உடனே, "பாத்தியா, அதுலயும் சிக்கனம்" என்றார்.

நவம்பர் 5, சரகோசா

குளிர் எலும்பைத் தொடுகிறது. நான் புடவைக்கு மேல் இவருடைய ஸ்வெட்டர், அதற்குமேல் நூரியாவின் கோட்டு. மாட்ரிட் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்ததும் கார்மேகம் நூரியாவின்மேல் பாய்ந்த பாய்ச்சலில் அவள் தரையில் விழுந்துவிட்டாள். எழவே இல்லை. அங்கேயே கட்டிக்கொண்டு புரண்டார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு அது போகிறதே என்று இருக்கும் என நினைத்திருந்தேன். இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

அங்கிருந்து காரில் நூரியாவின் ஊரான சரகோசாவுக்கு. வழியெல்லாம் நூரியாவின் கம்பெனியுடையது போன்ற காற்றாலைகள். இவர் ஒவ்வொன்றையும் காட்டி அதன் பேரிங்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

மூன்றாம் மாடியில் வீடு. கதவு திறந்தது. ஜன்னலோர நாற்காலியில் பிலார் அம்மா, நல்ல நீலத்தில் உடுத்திக்கொண்டு, உதட்டுச் சாயமெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழ ஆரம்பித்தார்.

"நோ செ லெவாந்தே!" என்றேன், பதறிப்போய். எழுந்திருக்காதீங்க. 'ஸ்' இல்லை, 'ஏ' சரியாக இருந்தது, மரியாதை குறையவில்லை. நூரியாவே திரும்பிப் பார்த்தாள்.

பிலார் அம்மா ஒரு கணம் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் சொன்னது புரிந்துவிட்டது, அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு அதைச் சட்டையே செய்யாமல் முழுதாக எழுந்தார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, தரைவிரிப்பைத் தாண்டி, மூச்சு வாங்க வாங்க என்னிடம் வந்து, என் முகத்தைப் பிடித்து ஒரு கன்னத்தில் முத்தமிட்டார், அப்புறம் மறு கன்னத்தில். படபடவென்று என்னவோ சொன்னார், அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பவுடர் வாசனை.

அடுத்து நடைவண்டியை இவர் பக்கம் திருப்பினார். இவர் கண்கள் விரிந்தன. கும்பிடுவதற்காகக் கையைக் கூப்பியபடி, ஒரு அடி பின்னால் வைத்தார், சுவர் தட்டியது.

"ஏனுங்க," என்றேன், "நகராதீங்க!"

நகரவில்லை.